காட்டின் வாசலில் ஒரு சீட்டு: பொது நிலமும் உழைக்கும் மக்களின் உரிமையும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ராஜஸ்தான் மாநிலம் பரத்பூர் நகரை ஒட்டி கேவலாதேவ் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சதுப்பு நிலம் அது. பறவைகளைக் காண உலகெங்கிலும் இருந்து பயணிகள் வருகிறார்கள். நுழைவாயிலில் கட்டணம் செலுத்திச் சீட்டு பெறுகிறார்கள். உள்ளே சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் தொழிலாளர்கள் அவர்களை ஏற்றிச் சென்று, எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டியிருக்கிறது என்று காட்டுகிறார்கள்.

பூங்காவின் நடுவே கேவலாதேவ் கோயிலுக்கு அருகில் கற்பலகைகள் நிற்கின்றன. அவற்றில் பக்தியும் இல்லை, அறமும் இல்லை. கணக்கு மட்டுமே இருக்கிறது. எந்த நாளில் எந்தப் பெரிய மனிதர் வேட்டைக்கு வந்தார், எத்தனை துப்பாக்கிகள் வந்தன, எத்தனை பறவைகள் வீழ்த்தப்பட்டன என்ற கணக்கு. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் கொல்லப்பட்ட பறவைகள் 4,273. நாடு விடுதலை பெற்றது. 1956இல் அந்த நிலம் சரணாலயம் ஆனது. ஆயினும் முன்னாள் மன்னரின் வேட்டையுரிமை 1972 வரை நீடித்தது.

அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே எருமை மேய்த்தார்கள், புல் அறுத்தார்கள், விறகு சேகரித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1982 நவம்பரில் மேய்ச்சல் ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. மாற்றுத் தீவனத்துக்கு ஏற்பாடு இல்லை. எதிர்த்துத் திரண்ட கிராமத்தினர் மீது போலீசார் துப்பாக்கிச்சூடு நடத்தினர். பலர் உயிரிழந்தனர். அவர்களுடைய பெயர்களைப் பொறித்த கற்பலகை அந்தக் கோயிலுக்கு அருகில் இல்லை.

பொது நிலத்தில் பொழுதுபோக்கு, அதற்கான கட்டணம், அனுமதிச் சீட்டு, விதிமுறைகள் ஆகியவை சுற்றுலாத் துறையின் நிர்வாகச் செய்திகள்போல் தோன்றக்கூடும். கட்டணம் ஐம்பது ரூபாயா, ஐந்நூறு ரூபாயா என்ற அளவில் பேசி முடிக்கத்தக்க விஷயமாகவும் தோன்றக்கூடும். ஆனால் அந்தச் சிறிய சீட்டின் பின்னால் நிலத்தின் மீதான அதிகாரம் என்ற பெரிய கேள்வி நிற்கிறது. கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள்? யார் செலுத்துகிறார்கள்? பணம் யாரிடம் சேருகிறது? சீட்டு வழங்கப்படும் வாசலில் யார் வெளியே நிறுத்தப்படுகிறார்கள்? இந்த நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

வேட்டை உரிமச்சீட்டிலிருந்து சஃபாரிச் சீட்டு வரை

இந்தச் சீட்டின் வரலாறு காலனி ஆட்சியில் தொடங்குகிறது. 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், பின்னர் 1927ஆம் ஆண்டின் வனச் சட்டம் ஆகியவை நாட்டின் காடுகளில் மிகப் பெரும் பரப்பை அரசின் சொத்தாக்கின. காட்டில் வாழ்ந்த மக்களின் உரிமைகள் சலுகைகளாகச் சுருக்கப்பட்டன. சலுகை என்பது கொடுத்தவர் விரும்பும்போது திரும்பப் பெறக்கூடியது. விறகு எடுத்த பெண்ணும், ஆடு மேய்த்த சிறுவனும் குற்றவாளிகள் ஆனார்கள்.

அதே வனத்துறை வேட்டைக்கென்று காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்தது. கட்டணம் பெற்றுக்கொண்டு அதிகாரிகளுக்கும் செல்வந்தர்களுக்கும் உரிமச்சீட்டு வழங்கியது. பொது நிலத்தில் பொழுதுபோக்குக்காக வசூலிக்கப்பட்ட கட்டணத்தின் தொடக்க வடிவங்களில் ஒன்று இதுவே. உண்பதற்காக ஒரு முயலைப் பிடித்த ஆதிவாசி திருடன்; கட்டணம் செலுத்திப் புலியைச் சுட்டவர் கனவான். இன்று புகழ்பெற்ற புலிகள் காப்பகங்களாக விளங்கும் பல இடங்கள் அன்று மன்னர்களின் வேட்டைக் காடுகள். ரணதம்போர் ஜெய்ப்பூர் மன்னருக்கும், சரிஸ்கா அல்வார் மன்னருக்கும், பாந்தவ்கர் ரேவா மன்னருக்கும் உரிய வேட்டைக் காடுகளாக இருந்தன.

1972இல் நிறைவேற்றப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அழிவின் விளிம்பில் நின்ற உயிரினங்களைக் காக்க அந்தச் சட்டம் தேவைப்பட்டது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அதன் வாசல் விதிகளைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் 27ஆவது பிரிவு சரணாலயத்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. பணியிலுள்ள அரசு ஊழியர், அனுமதி பெற்று உள்ளே வசிப்பவர், உள்ளே நிலவுரிமை உள்ளவர், பொதுச் சாலையில் கடந்து செல்பவர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் அனுமதிச் சீட்டின்றி நுழைய முடியாது. யாருக்கு அந்தச் சீட்டு வழங்கலாம் என்பதை 28ஆவது பிரிவு சொல்கிறது. ஆய்வு, புகைப்படம் எடுத்தல், சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு சட்டப்படியான தொழில் நடத்துதல் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. நிர்ணயிக்கப்படும் கட்டணத்தைச் செலுத்தி இச்சீட்டைப் பெறலாம். 35ஆவது பிரிவோ தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சலை முற்றாகத் தடுக்கிறது.

இதன் விளைவு என்ன? பொழுதுபோக்க வருபவருக்குச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. பிழைப்புக்காக வருபவருக்கு அந்த வாசல் இல்லை. சட்டத்தை எழுதியவர்களின் நோக்கம் எதுவாயினும், வர்க்கச் சமூகத்தில் அந்த எழுத்து இப்படித்தான் வேலை செய்தது.

பரத்பூர் கற்பித்த பாடம்

பரத்பூரின் கதை துப்பாக்கிச்சூட்டோடு முடியவில்லை. மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்று வாதிட்டவர்களில் மதிப்புக்குரிய பறவையியல் அறிஞர் சலீம் அலியும் ஒருவர். எருமைகள் பறவைகளின் வாழ்விடத்தைக் கெடுக்கின்றன என்பதே அன்றைய பொதுவான அறிவியல் கருத்து. அதன்பின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அந்தச் சதுப்பு நிலத்தில் நீண்ட ஆண்டுகள் ஆய்வு நடத்தியது. முடிவு எதிர்பாராததாக இருந்தது. எருமைகள் இல்லாமல் போனதும் பாஸ்பேலம் என்ற நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளுக்குத் தேவையான திறந்த நீர்ப்பரப்பு குறைந்தது. எருமைகளின் மேய்ச்சல் அந்தச் சூழலின் ஓர் அங்கமாக இருந்திருக்கிறது என்பதை அந்த ஆய்வு வெளிக்கொண்டு வந்தது. பின்னர் புல்லை அறுத்துச் செல்லக் கிராமத்தினரை அனுமதிக்க வேண்டிய நிலை வந்தது.

எருமை மேய்த்தவர்களுக்குத் தெரிந்திருந்ததை அறிவியல் பின்னர் கண்டறிந்தது. அதற்குள் உயிர்கள் போய்விட்டன. இதிலிருந்து மேய்ச்சல் எங்கும் எப்போதும் நல்லது என்ற முடிவுக்கு வரக்கூடாது. கால்நடைகள் மிகுதியாகி அழிந்த புல்வெளிகளும் உண்டு. ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் உண்மை நிலையைப் பருண்மையாக ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும்; அந்த முடிவில் அங்கு வாழும் மக்கள் பங்கேற்க வேண்டும். மார்க்சியம் வலியுறுத்தும் முறையும் இதுவே.

நகரத்தின் காட்டில் இரண்டு கட்டணங்கள்

இது தொலைதூரக் காடுகளின் பிரச்சனை மட்டும் என்று எண்ண வேண்டாம். மும்பை பெருநகரப் பகுதியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நூறு சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் விரிந்திருக்கிறது. வார்லி முதலான ஆதிவாசி மக்களின் குடியிருப்புகள் பூங்கா என்ற பெயர் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்து வருகின்றன. மும்பையின் கட்டடங்களை எழுப்பிய, வீடுகளைத் துப்புரவு செய்த, ஆலைகளில் உழைத்த மக்கள் வேறு இடம் கிடைக்காமல் அதன் ஓரங்களில் குடிசை போட்டார்கள்.

சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1997 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் குடிசைகளை அகற்ற உத்தரவிட்டது. 1995ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிய வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும் மாற்றிடம் என்றும், அதற்கு ஒவ்வொரு குடும்பமும் 7,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடிசைகள் இடித்துத் தள்ளப்பட்டன. அன்றாடங்காய்ச்சியிடம் 7,000 ரூபாய் ஏது?

அதே பூங்காவில் காலை நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கு அனுமதி அட்டை வழங்கப்படுகிறது. காலையில் நல்ல காற்றில் நடப்பது தவறு என்று யாரும் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் வேண்டும். ஆனால் ஒரே நிலத்தின் வாசலில் இரண்டு கட்டணங்கள் நிற்பதைக் காண வேண்டும். ஒன்று உள்ளே வந்து உலவுவதற்கு. மற்றொன்று வெளியேறிப் போவதற்கு. முதலாவதை நடுத்தர வர்க்கம் செலுத்துகிறது. இரண்டாவதைத் தொழிலாளியிடம் கேட்டார்கள்.

கட்டணமே தவறா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கட்டணமும் கட்டுப்பாடும் இல்லாவிட்டால் காடு என்ன ஆகும்? வார இறுதியில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் நுழைந்தால் விலங்குகள் எங்கே போகும்? பிளாஸ்டிக் குப்பையை யார் அள்ளுவது?

கட்டுப்பாடு வேண்டும். அதில் இடதுசாரிகளுக்கு மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஒரு காட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாகனங்கள் செல்லலாம் என்பதற்கு அறிவியல் அடிப்படையில் ஓர் எல்லை வகுக்க வேண்டும். கேள்வி அந்த எல்லைக்குள் யாருக்கு இடம் என்பதே. குறைவாக உள்ள ஒன்றைப் பங்கிட இரண்டு வழிகள் உண்டு. விலையை உயர்த்தி, கொடுக்க முடிந்தவருக்குக் கொடுப்பது ஒன்று. வரிசை, சுழற்சி, குலுக்கல், பொது வாகனம் ஆகியவற்றின் மூலம் சமமாகப் பங்கிடுவது மற்றொன்று. முதலாவது சந்தையின் வழி. இரண்டாவது ரேஷன் கடையின் வழி. ரேஷன் கடைக்காகப் போராடி வரும் இயக்கத்துக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

இன்று புகழ்பெற்ற புலிகள் காப்பகங்களில் நடப்பது பெரும்பாலும் முதல் வழி. நுழைவுக் கட்டணம், ஜிப்சி வாடகை, வழிகாட்டிக் கட்டணம் அனைத்தையும் சேர்த்தால் ஒரு முறை உள்ளே சென்று வரப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. இடங்கள் இணையத்தில் முன்கூட்டியே பதிவாகி விடுகின்றன. கூடுதல் பணம் கொடுப்பவருக்கு நாள் முழுவதும் காட்டில் சுற்றும் சிறப்பு ஏற்பாடும் சில காப்பகங்களில் உண்டு. 2019இல் ஒன்றிய அரசு அறிவித்த தேசியக் குறைந்தபட்சத் தரைமட்டக் கூலி நாளொன்றுக்கு 178 ரூபாய். அந்தக் கூலியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எந்தக் காட்டின் வாசலுக்குப் போக முடியும்?

அதே ரணதம்போரில் இருபது பேர் அமரும் கேன்டர் வண்டிகளும் ஓடுகின்றன. ஆறு பேர் செல்லும் ஜிப்சியைவிட அதில் கட்டணம் குறைவு. காட்டுக்குள் செல்லும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறையும். பொதுப் போக்குவரத்து நகரச் சாலைக்கு மட்டுமல்லாமல் காட்டுப் பாதைக்கும் பொருந்தும் என்பதற்கு இது எளிய சான்று.

பணம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. 2006இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை அமைக்க வகை செய்தது. வசூலாகும் பணம் மாநிலக் கருவூலத்தில் கரைந்துபோகாமல் அந்தக் காட்டுக்கும் உள்ளூர் மக்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது நோக்கம். 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவை இடைக்காலமாகத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட பின்னர் தடை விலக்கப்பட்டது. மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தக்கூடாது என்றும், சுற்றுலாத் தொழில் நடத்துவோரிடம் பாதுகாப்புக் கட்டணம் பெற்று உள்ளூர் மக்களின் வாழ்வாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்றும் அந்த நெறிகள் கூறுகின்றன.

காகிதத்தில் இவை நல்ல விதிகள். ஆனால் அறக்கட்டளைகளின் தலைமையில் அமைச்சரும் அதிகாரிகளுமே இருக்கிறார்கள். கணக்கு கிராம சபையின் முன் வைக்கப்படுவதில்லை. சீட்டு வாங்கும் பயணியிடம் கறாராக வசூலிக்கும் அரசு, காட்டின் ஓரத்தில் அறைக்குப் பல்லாயிரம் ரூபாய் வாங்கும் சொகுசு விடுதிகளிடம் அதே கறாரைக் காட்டுகிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

விடுதிக்கு வாசல் திறந்த கதை

கர்நாடகத்தின் நாகரஹொளே தேசியப் பூங்காவில் முர்கல் என்ற இடத்தில் 1990களில் தாஜ் குழுமத்தைச் சேர்ந்த ஓட்டல் நிறுவனத்துக்கு மாநில அரசு காட்டுக்குள்ளேயே விடுதி நடத்தக் குத்தகை வழங்கியது. ஜேனு குருபா முதலான ஆதிவாசி மக்கள் எந்தக் காட்டிலிருந்து விரட்டப்பட்டார்களோ அதே காட்டில் விடுதி. 1996இல் ஆதிவாசி அமைப்புகள் போராட்டத்தில் இறங்கின, நீதிமன்றத்தையும் நாடின. 1997இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒன்றிய அரசின் முன் அனுமதியின்றி வழங்கப்பட்ட அந்தக் குத்தகை சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. விடுதி வரவில்லை. போராட்டத்தின் வெற்றி அது.

ஆனால் போராடிய மக்கள் காட்டுக்குத் திரும்ப முடிந்ததா? 2025 மே மாதம் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜேனு குருபா குடும்பங்கள் நாகரஹொளேயில் தங்கள் பூர்வீக ஊரான கரடிக்கல்லு அத்தூர் கொல்லிக்கு நடந்து சென்று குடில் போட்டன. பல பத்தாண்டுகளுக்கு முன்னர் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அவை. வனத்துறை அவர்களை அத்துமீறி நுழைந்தவர்களாகப் பார்த்தது. அதே பூங்காவில் சஃபாரி வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய மற்றொரு தீர்ப்பையும் நினைவில் கொள்ள வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் ஸ்பான் மோட்டல்ஸ் என்ற விடுதி நிறுவனத்துக்கு வன நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. அன்றைய ஒன்றிய அமைச்சர் கமல்நாத்தின் குடும்பத்தோடு தொடர்புடையது அந்நிறுவனம். விடுதியைக் காக்க ஆற்றின் போக்கையே மாற்ற முயன்றார்கள். குத்தகையை ரத்து செய்த நீதிமன்றம், ஆறு, காடு, கடற்கரை போன்றவற்றுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்களின் சார்பில் பொறுப்பேற்றுள்ள அறங்காவலர் மட்டுமே என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. அறங்காவலர் கோயில் நிலத்தைத் தன் விருப்பம்போல் விற்க முடியாது. பொது நிலமும் அப்படியே.

இன்றைய ஆபத்து

இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரவளித்த ஆட்சிக் காலத்தில், ஆதிவாசி இயக்கங்களின் நீண்ட போராட்டத்தின் விளைவாக, 2006இல் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. காலனி ஆட்சி சலுகையாகச் சுருக்கியதை அது மீண்டும் உரிமையாக அங்கீகரித்தது. சமூக வன வளங்களைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் தந்தது. வன உயிரினங்களுக்காக மக்கள் இடம்பெயர வேண்டிய நிலை உண்மையாகவே ஏற்பட்டால், கிராம சபையின் சுதந்திரமான ஒப்புதல் வேண்டும். அப்படிக் காலி செய்யப்பட்ட நிலத்தைப் பின்னர் வேறெந்தப் பயன்பாட்டுக்கும் அரசோ மற்றவரோ திருப்பிவிடக் கூடாது என்று சட்டத்தின் 4(2) பிரிவு தெளிவாகக் கூறுகிறது.

இந்த உரிமையை வெட்டும் முயற்சிகள் ஓயவில்லை. 2017 மார்ச்சில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், புலிகள் வாழ்விட மையப் பகுதிகளில் வன உரிமைகளை வழங்கக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. கடும் எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டில் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2024 ஜூனில் அதே ஆணையம் மாநிலங்களுக்கு மீண்டும் ஒரு கடிதம் அனுப்பியது. மையப் பகுதிகளில் இன்னும் 591 கிராமங்களில் 64,801 குடும்பங்கள் வாழ்வதாகவும், அவர்களை இடம்பெயர்க்கக் கால அட்டவணை தயாரிக்க வேண்டும் என்றும் அக்கடிதம் கூறியது. விருப்பத்தின் பேரிலான இடப்பெயர்வு என்று சட்டம் சொல்லும்போது, அந்த விருப்பத்துக்குக் கால அட்டவணை போடுவது எப்படி?

மறுபுறம், 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியேயுள்ள காடுகளில் அரசு நடத்தும் விலங்குக் காட்சிசாலை, சஃபாரி ஆகியவையும், வனத்துறையின் மேலாண்மைத் திட்டங்களில் இடம்பெறும் சூழல் சுற்றுலா வசதிகளும் இனி வனம் சாராத பயன்பாடாகக் கருதப்படமாட்டா. எனவே காட்டை வேறு பயனுக்குத் திருப்ப ஒன்றிய அரசின் முன் அனுமதி தேவை என்ற தடுப்பு அவற்றுக்கு இல்லாமல் போனது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, காட்சிசாலைகளுக்கும் சஃபாரிகளுக்கும் தன் இறுதி ஒப்புதல் வேண்டும் என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

இத்தகைய தடுப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தராகண்டின் கார்பெட் காப்பகமே சாட்சி. பாக்ரோ என்ற இடத்தில் புலி சஃபாரி அமைக்க 163 மரங்களை வெட்டவே அனுமதி இருந்தது. வெட்டப்பட்டவை 6,000க்கும் மேல் என்று இந்திய வன அளவீட்டு நிறுவனம் மதிப்பிட்டது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முன்னாள் வன அமைச்சரையும் வன அதிகாரியையும் பெயர் சொல்லிக் கண்டித்தது.

இந்த இரண்டு போக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆதிவாசியின் குடிசை புலிக்கு இடையூறு என்று சொல்லப்படுகிறது. சஃபாரிச் சாலையும் தங்கும் விடுதியும் இயற்கைப் பாதுகாப்பு என்று பெயர் பெறுகின்றன. நவதாராளவாதம் காட்டைக் காலி செய்வது விற்பனைக்கு வைப்பதற்காகவே.

பெரியாறு காட்டும் வழி

மாற்று வழி இல்லையா? கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990களின் பிற்பகுதியில் ஒரு முயற்சி தொடங்கியது. காட்டில் வயணப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்த 23 பேர் மீது வழக்குகள் இருந்தன. அவர்களைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஒரு குழுவாக அமைத்து, காட்டின் பாதுகாவலர்களாகவும் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாகவும் ஆக்கினார்கள். காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்தவர்கள் அவர்கள். மன்னான், பளியர் பழங்குடி மக்களும் இவ்வாறே வழிகாட்டிகள் ஆனார்கள். பளியர்கள் தமிழ் பேசும் மக்கள். 2004இல் அமைக்கப்பட்ட பெரியாறு அறக்கட்டளை பயணிகளிடம் கூடுதலாக வசூலிக்கும் தொகையை அங்கேயே செலவிட வழி செய்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு அது ஒரு முன்மாதிரி.

இதன் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. உலக வங்கியின் நிதியோடு தொடங்கிய திட்டம் அது. வனத்துறை அமைத்த குழுக்கள் சட்டப்படியான கிராம சபைக்கு ஈடாக மாட்டா. வசந்தசேனை என்ற பெயரில் அங்கே காடு காக்கச் சுற்றி வரும் பெண்கள் ஊதியம் இல்லாமலே அந்தப் பணியைச் செய்தார்கள். பெண்களின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் காட்டுக்குள்ளும் தொடர்கிறது. இருப்பினும் பெரியாறு ஒன்றை நிரூபித்தது. காட்டை அறிந்த மக்களைக் கையில் அதிகாரத்தோடும் வருமானத்தோடும் உள்ளே வைத்துக்கொண்டால் காடு பிழைக்கும்.

ஓய்வும் உரிமையே

இறுதியாக, உழைக்கும் மக்களுக்குப் பொழுதுபோக்கு எதற்கு என்று எண்ணும் மனப்பான்மை இயக்கத்துக்குள்ளும் சிலரிடம் உண்டு. கூலியும் நிலமும் முதலில், மலையும் அருவியும் பிறகு என்று சொல்வதுண்டு. எட்டு மணி நேர வேலைக்காகச் சிந்தப்பட்ட ரத்தம், எட்டு மணி நேர ஓய்வுக்காகவும் எட்டு மணி நேர சுதந்திரமான பொழுதுக்காகவும் சிந்தப்பட்டதே. இந்திய அரசியலமைப்பின் 43ஆவது பிரிவு தொழிலாளர்களுக்கு வாழ்வதற்கேற்ற ஊதியத்தோடு, ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையையும் உறுதி செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத் தொழிலாளர்களுக்கு அருகிலிருந்த மலைவெளிகள் மூடிக் கிடந்தன. அவை நிலப்பிரபுக்களின் பறவை வேட்டைக் களங்கள். 1932 ஏப்ரல் 24 அன்று கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பின் அழைப்பில் ஏறத்தாழ 400 பேர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள். தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது இருபது. ஐந்து இளைஞர்கள் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. நாட்டின் முதல் தேசியப் பூங்கா 1951இல் அதே மலைப் பகுதியில் அமைந்தது. மலை மீது நடப்பதற்கான உரிமையும் போராடியே பெறப்பட்டது.

இந்தியாவின் நிலைமை வேறு. இங்கே காடு ஆளில்லாத வெளி அல்ல. கோடிக்கணக்கான ஆதிவாசி மக்களின் வீடு. எனவே நகரத் தொழிலாளியின் ஓய்வு உரிமையும் ஆதிவாசியின் வாழ்வுரிமையும் ஒன்றையொன்று விழுங்காமல் இணைய வேண்டும். அவ்விரு பகுதியினரையும் சேர விடாமல் பிரித்து நிறுத்துவது பணம் வாங்கும் வாசல்தான்.

கோரிக்கைகள்

இந்தப் புரிதலிலிருந்து சில கோரிக்கைகள் எழுகின்றன. வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமைகளை அங்கீகரிக்கும் பணி நிறைவடையும் வரை எந்தக் காப்பகத்திலும் இடப்பெயர்வு கூடாது. மக்கள் காலி செய்த நிலத்தில் சுற்றுலாக் கட்டுமானம் எதுவும் எழக்கூடாது. சுற்றுலாத் திட்டங்கள் கிராம சபையின் ஒப்புதல் பெற வேண்டும். கட்டண வருமானத்தின் கணக்கு ஆண்டுதோறும் கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். வழிகாட்டி, ஓட்டுநர், வனக் காவலர் ஆகியோருக்கு முறையான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும். சாதாரண மக்களுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் எட்டும் கட்டணத்தில் பொது வாகனங்கள் இயக்கப்பட வேண்டும். சொகுசு விடுதிகளிடம் பாதுகாப்புக் கட்டணம் தவறாமல் வசூலிக்கப்பட வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

கட்சி உறுப்பினர்கள் தத்தம் பகுதியிலுள்ள சரணாலயம், அருவி, அணை, கடற்கரை ஆகியவற்றின் வாசலிலிருந்தே இந்த வேலையைத் தொடங்கலாம். அங்கே எவ்வளவு வசூலாகிறது, ஒப்பந்ததாரர் யார், உள்ளே வேலை செய்பவருக்கு என்ன கூலி, முன்பு அந்த நிலத்தைப் பயன்படுத்தியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். தகவல் உரிமைச் சட்டம் அதற்குக் கருவியாகும்.

பரத்பூரின் கற்பலகைகளில் வேட்டையாடியவர்களின் கணக்கு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. புல்லுக்காக உயிர் நீத்தவர்களின் கணக்கை வைத்திருப்பது மக்கள் இயக்கத்தின் கடமை. அந்தக் கணக்கை மறக்காமல் காட்டின் வாசலுக்குச் செல்வோரே காட்டையும் அதன் மக்களையும் சேர்த்துக் காக்க முடியும்.